பின்வாசலுக்குக் கதவு எண் இல்லை

ஆராய்ச்சி முறையியல் எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் வகுப்பு. இளங்கலை சுற்றுச்சூழல் அறிவியல், மூன்றாம் ஆண்டு, காரைக்குடியில் ஒரு கல்லூரி. வகுப்பில் இருபத்தாறு பேர், ஓடுகிற மின்விசிறி இரண்டு. ஆசிரியர் பழுப்பேறிய நோட்டு ஒன்றைத் திறந்து வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். கருதுகோள் என்றால் என்ன, மாதிரி எடுத்தலில் எத்தனை வகை, நேர்காணலில் தவிர்க்க வேண்டியவை எவை. ஒவ்வொன்றின் முடிவிலும் அது எத்தனை மதிப்பெண் கேள்வி என்பதையும் சேர்த்தே சொல்லுவார். "இது ரெண்டு மார்க். இது அஞ்சு மார்க். இது வந்தாலும் வரும், வராமலும் போகும்."

முறைசார் மாதிரி எடுத்தல் ஐந்து மதிப்பெண். ஒரு பட்டியலை எடுத்துக்கொள்ள வேண்டும். சீட்டுக் குலுக்கி முதல் வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஐந்தாவது வீட்டையோ பத்தாவது வீட்டையோ எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஆய்வாளரின் விருப்பு வெறுப்பு இதில் நுழைய இடமில்லை. இந்தக் கடைசி வரியை நான் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அந்தப் பட்டியலை யார் எழுதினார், எதை விட்டார் என்பதைப் பற்றி நோட்டில் எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் எல்லோரும் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். என் கூட்டாளி பள்ளத்தூர்க்காரி, நான் மானகிரி. அவளுக்கு வாய் அதிகம், எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் கேட்பது அவள், எழுதுவது நான் என்று முதல் நாளே முடிவாயிற்று. எங்களுக்கு வாய்த்த கைடு அதே ஆராய்ச்சி முறையியல் ஆசிரியர்.

அந்த ஆண்டு பக்கத்து ஊராட்சி ஒன்றிலிருந்து துறைக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். அங்கே வீட்டுக்கு வீடு குடிநீர் இணைப்பு கொடுத்து முடித்திருந்தார்கள். இனி எந்தத் தெருவில் பொதுக்குழாய் வேண்டும், எந்தத் தெருவில் எடுத்துவிடலாம் என்று பார்த்துச் சொல்ல மாணவர்களை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அதாவது, எங்கள் தாளில் விழும் ஒரு குறியைப் பொறுத்து ஒரு குழாய் நிற்கும், அல்லது பிடுங்கப்படும்.

கைடு கடிதத்தை எங்களிடம் நீட்டினார். "உங்களுக்கு யோகம். மத்த ப்ராஜெக்ட் எல்லாம் அலமாரிக்குப் போறது. இது ஆபீசுக்குப் போகுது."

படிவத்தை நாங்கள் தயாரிக்கவில்லை. துறை அலமாரியில் இருந்த பைண்டு செய்த பழைய ப்ராஜெக்ட் ஒன்றிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். இருபத்திரண்டு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி: 'ஆற்றங்கரையிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம்?' அந்த ஊரில் ஊருணி இருக்கிறது, கண்மாய் இருக்கிறது. ஆறு இல்லை. எழுந்து போய்ச் சொன்னேன்.

"சார், அங்க ஆறே இல்ல சார்."

"இல்லன்னா இல்லன்னு எழுது. கேள்வியை எடுத்தா நம்பரெல்லாம் மாறிப்போகும். அப்புறம் டேபிளை யாரு திருத்துறது?"

திரும்பி வந்து உட்கார்ந்ததும் கூட்டாளி காதோடு சொன்னாள்: "விடுடி. வைகை அங்குட்டு வந்தா அளந்துக்கிருவோம்."

ஊராட்சி அலுவலகத்தில் வீட்டு வரிப் பதிவேட்டைப் பார்த்துத் தெருவாரியாகக் கதவு எண்களை எழுதி வந்தோம். அதுதான் எங்கள் பட்டியல். சீட்டுக் குலுக்கியதில் மூன்று விழுந்தது. மூன்று, எட்டு, பதின்மூன்று என்று ஐந்தைந்தாகத் தாண்டி முப்பது வீடுகள். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. நோட்டில் எழுதியதை முதல் முறையாக நானே செய்து பார்த்திருந்தேன்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய் இறங்கினோம். மூன்றாம் எண் வீடு பூட்டியிருந்தது. பூட்டின் மேல் மழைக்காகப் பாலிதீன் பை கட்டியிருந்தார்கள். எட்டாம் எண் பூட்டியிருந்தது. பதின்மூன்றும் அப்படியே. அது பெரிய வீடுகளின் தெரு. சுற்றுலா வருகிறவர்கள் காரை நிறுத்தித் தூணையும் சுதைப் பொம்மையையும் படம் எடுத்துப் போவார்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது பதில் சொல்ல ஓர் ஆள். நண்பகலுக்குள் ஒன்பது கதவுகளைத் தட்டினோம். இரண்டில் ஆள் இருந்தது.

"நாம பூட்டைத்தான் பேட்டி எடுக்கணும் போல," என்ற கூட்டாளி, ஒரு பூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பணிவாகக் கேட்டாள்: "ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை குடம் குடிக்கிறீக?"

கைடுக்குப் போன் செய்தேன். "பூட்டியிருந்தா அடுத்த வீடு. ரீப்ளேஸ்மென்ட்னு எழுதிக்க. நோட்ஸ்ல இருக்கே." நோட்ஸில் இருந்தது. அடுத்த வீடும் பூட்டியிருந்தது. அதற்கடுத்த வீடு பூட்டு தேவைப்படாத அளவுக்கு இடிந்திருந்தது.

குடிக்கத் தண்ணீர் தேடித்தான் பின்தெருவுக்குப் போனோம்.

இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, அதன் பின் முற்றமும் அறைகளுமாக வளவு, பிறகு இரண்டாங்கட்டு, அடுப்படி, கடைசியில் பின்வாசல். முன்தெருவில் கதவு எண் இருக்கும். பின்தெருவில் நீண்ட மதில்களும் நடுநடுவே சின்னக் கதவுகளும் மட்டும். ஒரு வீட்டுக்கு ஓர் எண்தான் கொடுப்பார்கள், அது முன்பக்கம் போய்விட்டது. ஆகவே பின்தெருவில் எண் கிடையாது, வரிப் பதிவேட்டில் அந்தத் தெருவும் கிடையாது.

அந்தத் தெருவில் ஒரு பொதுக்குழாய் இருந்தது. தண்ணீர் விட்டிருந்த நேரம். பெண்களும் குடங்களும் வரிசையில் நின்றார்கள். முறைக்கு நின்ற அக்கா, நாங்கள் கையேந்திக் குடித்து முடிக்கும் வரை தன் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"யாரைத் தேடி வந்தீக?"

"வீட்டுக்காரவுகளைத்தான். எல்லா வீடும் பூட்டிக் கெடக்கே அக்கா," என்றாள் கூட்டாளி.

"முன்னாடி பூட்டித்தான் கெடக்கும். அங்குட்டு என்னத்துக்குப் போனீக? ஆளுகெல்லாம் இங்குட்டுல்ல இருக்கோம்."

அவர் மூன்றாம் எண் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். கணவர் ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார், மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று பேரும் அடுப்படியை ஒட்டிய அறையில் பதினான்கு வருடங்களாக இருக்கிறார்கள். பின்வாசல் படியில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தோம்.

"வீட்டில குடிநீர் இணைப்பு இருக்காக்கா?"

"இருக்கு. முகப்பில. முன்கட்டுச் சாவி மெட்ராசில இருக்கு. எனக்கு ரெண்டாங்கட்டு வரைக்குந்தான்."

"அந்தக் குழாயில தண்ணி வருதா?"

"பூட்டுக்கு உள்ள வருதா வரலையான்னு எனக்கெப்படித் தெரியும்? சத்தம் கேட்டாச் சொல்றேன்."

கிணறு உண்டு, உப்பு. பாத்திரம் விளக்கலாம், வாயில் வைக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒன்பது குடம், அத்தனையும் இந்தத் தெருக்குழாயிலிருந்து. ஒன்பதாவது கேள்வி வந்தபோது கூட்டாளி தயங்கித்தான் வாசித்தாள்.

"ஆத்தங்கரையா? ஆறு வரப்போகுதா இங்குட்டு? ஒருத்தரும் சொல்லவேயில்ல."

குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். பிறகு அவர் கேட்டார்: "இதையெல்லாம் எழுதி என்னத்தா செய்வீக?"

"எங்கெங்க குழாய் வேணும்னு ஆபீசுக்குச் சொல்லுவோம்க்கா," என்றேன்.

"அப்ப இந்தக் குழாயை நல்லா எழுதிக்க. இது இல்லாட்டி நாங்க ஊருணியைச் சுத்தி மெயின் ரோட்டுக்குல்ல போகணும். எழுதிட்டியா? வாசி."

வாசித்துக் காட்டினேன். 'பின்தெருக் குழாய் ஒன்றே ஆதாரம்' என்ற வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு குழாயடியில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். அன்றைக்கு அந்தத் தெருவில் ஏழு குடும்பங்களின் படிவங்களை நிரப்பினோம். ஏழும் பூட்டிய வீடுகளின் பின்கட்டுகளில் இருக்கிறவர்கள்.

திங்கள்கிழமை கைடு படிவங்களைப் புரட்டினார். அந்த ஏழில் முதல் கட்டம் காலியாக இருந்தது.

"கதவு எண் எங்க?"

"பின்தெரு சார். அங்க எண் இல்ல."

"எண் இல்லன்னா வீடு இல்ல."

"ஆள் இருக்காங்க சார்."

"ஆளை யாரும்மா கேட்டா? நம்ம யூனிட் வீடு. இதில குடும்பத் தலைவர் யாரு? அந்த வீட்டு ஓனர். இவங்க பாத்துக்கிறவங்க. இன்னைக்கு இவங்க இருப்பாங்க, நாளைக்கு வேற ஆள்."

"பதினாலு வருசமா இருக்காங்க சார்."

"வாடகைச் சீட்டு இருக்கா? ரேசன் கார்டில அந்தக் கதவு எண் இருக்கா?"

இரண்டும் எங்களுக்குத் தெரியாது. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து ஏழு படிவங்களிலும் மூலைக்கு மூலை கோடு போட்டார். கோபமே இல்லை அவரிடம். விடைத்தாளில் மிஞ்சிய வெற்றுப் பக்கத்தை அடிப்பதுபோல அடித்தார். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாமல் இருப்பது அந்தக் கோபமின்மைதான். ஏழு குடும்பங்களை அடிப்பதற்கு அவருக்கு ஒரு பெருமூச்சுகூடத் தேவைப்படவில்லை.

"பூட்டின வீட்டை எப்பவாவது திறப்பாங்கல்ல, கல்யாணம் காட்சின்னு? அப்பப் போய் எடு. மூணாம் நம்பர் விடுபடக் கூடாது. அது உன் ராண்டம் ஸ்டார்ட்."

அடித்த ஏழையும் குப்பையில் போடச் சொன்னார். நான் பையில் வைத்துக்கொண்டேன். எதிர்த்துப் பேச முடியாதவள் செய்கிற காரியம் அது. வீரம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் எண் வீடு மாசியில் திறந்தது. படைப்பு. ஒரு வீட்டுப் பங்காளிகள் எல்லோரும் எங்கிருந்தாலும் வந்து கூடி, முன்னோருக்குப் படைத்துச் சாப்பிட்டுப் போகிற நாள். தெரு நிறையக் கார். வாசலில் தண்ணீர் லாரி. பாலிதீன் பை கட்டிய பூட்டு ஆணியில் மாட்டியிருந்தது. பங்காளிகளில் ஒருவர், மலேசியாவிலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும், முகப்பில் எங்களை வரவேற்றார்.

"வாங்கம்மா, வாங்க. பலகாரம் சாப்ட்டீகளா? மொதல்ல சாப்பிடுங்க. கேள்வி எங்க ஓடிப்போகுது?"

சாப்பிட்டோம். பிறகு கூட்டாளி ஆரம்பித்தாள்.

"குடும்பத் தலைவர் யாருங்க ஐயா?"

"எந்தக் குடும்பத்துக்கு? இந்த வீட்டுக்குப் பதினொரு பங்கு. நான் ஒருத்தரைச் சொன்னா மத்தவுக எல்லாரும் அடுத்த படைப்புக்கு என்னைக் கூப்பிட மாட்டாக."

"வீட்டில மொத்தம் எத்தனை பேர்?"

அவர் பந்திப் பக்கம் திரும்பி, "எத்தனை எலை விழுந்திருக்கு?" என்று கேட்டார். உள்ளிருந்து பதில் வந்தது. "தொண்ணூத்தி நாலாம். போட்டுக்கம்மா."

கூட்டாளி என்னைப் பார்த்தாள். நான் எழுதினேன்.

"தண்ணி போதுமானதா இருக்குங்களா?"

"தாராளமா. லாரி சொல்லியிருக்கோம்ல."

கேலி செய்யவில்லை அவர். கேட்டதற்குப் பதில் சொன்னார். படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை நான் கேட்டேன், அந்த மூன்று மாதங்களில் நானாகக் கேட்ட ஒரே கேள்வி. "இந்த வீட்டில வருசம் பூரா இருக்கிறது யாருங்க?"

"வருசம் பூராவா? யாரும் இல்லம்மா. பாத்துக்கிற பிள்ளை ஒண்ணு பின்னாடி இருக்கு."

பின்கட்டில் அந்த அக்கா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு எழுந்து உள்ளே போய், ஆளுக்கு ஒரு கந்தரப்பம் எடுத்து வந்து கொடுத்தார்.

"என்னத்தா, என் பேப்பரை ஆபீசில குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சுக்கா," என்றேன்.

என் கூட்டாளி தன் கந்தரப்பத்தைப் பிட்டுக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டாள்.

தொண்ணூற்று நான்கைக் கண்டதும் கைடு நிமிர்ந்தார். "என்னம்மா இது, வீடா மண்டபமா? சராசரி எங்கயோ போகுமே." சற்று யோசித்து, நான்கின் மேல் மை பூசினார். "ஒன்பதுன்னு வச்சுக்க. பாக்கவும் நல்லா இருக்கு."

அவ்வளவுதான். அந்த வீட்டில் ஒன்பது பேர் குடியேறினார்கள்.

முப்பது வீடுகளில் பதினொன்றில்தான் எங்களுக்கு ஆள் கிடைத்திருந்தது. மூன்றாம் எண்ணையும் சேர்த்தால் பன்னிரண்டு. மீதிப் பதினெட்டையும் இரண்டு மதியங்களில் துறை அறையிலேயே நிரப்பினோம். கைடு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "இதுக்கு ஆமாம் போடு. அடுத்ததுக்கும் ஆமாம். எல்லாத்துக்கும் ஆமாம் போடாதம்மா, சந்தேகம் வரும். நடுவுல ஒரு இல்ல போடு." கூட்டாளி ஒரு கட்டத்தில் தலைவலி என்று எழுந்து போய்விட்டாள். நான் எழுந்து போகவில்லை. என் கையெழுத்து நன்றாக இருந்தது. பதினெட்டு படிவங்களிலும் நன்றாகவே இருந்தது.

தெருவாரி அட்டவணையைத் தட்டச்சு செய்ததும் நான்தான். ஊராட்சியின் குழாய்ப் பட்டியலில் இருந்ததால் பின்தெருவுக்கும் மூன்று கட்டங்கள். வீடுகள்: இல்லை. பொதுக்குழாய்: ஒன்று. தேவை: இல்லை. முதல் கட்டத்தில் இல்லை என்று அடித்த பிறகு மூன்றாவது கட்டத்தில் அடிக்க வேறு சொல் இருக்கவில்லை. ஏழு பேர் என் முன்னால் உட்கார்ந்து பேசியிருந்தார்கள். அவர்களின் தாள்கள் அந்த நேரத்தில் என் காலருகே பையில் இருந்தன.

பங்குனியில் ஒரு பிரதி ஊராட்சிக்குப் போனது. சித்திரையில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குப் படம் வேண்டும் என்று நாங்கள் போனபோது, குழாய் நின்ற இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு இரும்புக் குழாய் மட்டும் இருந்தது. அதன் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள். சிமெண்டு காய்ந்துவிட்டிருந்தது.

படம் எடுக்கவில்லை. நின்றுகொண்டிருந்தோம். மெயின் ரோட்டுப் பக்கமிருந்து அந்த அக்கா வந்தார், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒன்று. பின்னால் மகள், பள்ளிக்கூடச் சீருடையில், இடுப்பில் ஒரு குடத்தோடு.

"படம் எடுக்க வந்தீகளா? எடுங்க. அந்தா, அதான் குழா."

அவர் குடங்களை இறக்கி வைத்தார்.

"ஆபீசில போய்க் கேட்டேன். இந்தத் தெருவில வீடே இல்லன்னு காலேஜில எழுதிக் குடுத்துட்டாகன்னாரு கிளார்க்கு. நான் விடல. ஐயா, அந்தக் காலேஜிலருந்து ரெண்டு பிள்ளைக வந்து என் வாசப்படியில உக்காந்து எழுதுச்சுக, எழுதுனதை வாசிச்சுக் காட்டுச்சுக, வேணும்னா அதுகளைக் கூப்பிட்டுக் கேளுங்கன்னேன். உங்களைத்தான் சாட்சிக்குச் சொல்லிட்டு வந்தேன், தெரியுமா?"

மகள் எங்களைப் பார்க்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கிருந்து நேராக ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் பொறுமையானவர். எங்கள் பைண்டு பிரதியை எடுத்து, அட்டவணை இருந்த பக்கத்தைத் திறந்து, அடியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது நீங்க போட்டதுதான? இதுக்கு மேல நான் என்னம்மா செய்ய?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்த ஊருக்குள் அவர் தினம் வந்து போகிறவர், பின்தெருவில் யார் இருக்கிறார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். இருந்தாலும் தாளில் இல்லை. தாளில் இல்லாததைப் பார்க்காமலிருக்க அவருக்குப் பழக்கம், எங்களுக்கு அதைத்தான் பயிற்சியாகக் கொடுத்திருந்தார்கள்.

வைவாவுக்கு வேறு கல்லூரியிலிருந்து ஒருவர் வந்தார். வட்ட வரைபடத்தின் வண்ணங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார். கேள்வி எதுவும் இல்லை என்று அவர் எழப்போன நேரத்தில் நான் சொன்னேன்: பதினெட்டு படிவங்கள் நாங்களாக எழுதியவை, மூன்றாம் எண் வீட்டில் ஒன்பது பேர் இல்லை, அடித்துப் போட்ட ஏழு குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களின் குழாயை எங்கள் அட்டவணை பிடுங்கிவிட்டது. வந்தவர் கைடைப் பார்த்தார். கைடு மேசையைப் பார்த்தார்.

"சரி, லிமிடேஷன்ஸ்ல ஒரு வரி சேத்துருங்க," என்றார் வந்தவர்.

ஆய்வின் வரம்புகள் என்று கடைசிக்கு முந்தைய பக்கத்தில் ஒரு தலைப்பு உண்டு. எல்லா ப்ராஜெக்டிலும் உண்டு. நேரமின்மை, வாகன வசதியின்மை என்று அதில் எழுதுவார்கள். ஏழு குடும்பங்களின் தண்ணீரை அங்கே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று இரண்டு படித்த மனிதர்கள் தலையாட்டிக்கொண்டார்கள்.

வராந்தாவில் கைடு என்னை நிறுத்தினார். "உன்னைய நான் இன்னைக்குக் காப்பாத்தியிருக்கேன். அந்தப் பதினெட்டையும் யாரு எழுதினா?"

"நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன் சார்."

"கையெழுத்து யாரோடது?"

நல்ல மதிப்பெண் கிடைத்தது. வகுப்பிலேயே எங்களுக்குத்தான் அதிகம்.

மே தினத்தன்று அந்த ஊரில் கிராம சபை. கூட்டாளியும் நானும் சிவப்புக் கோடு போட்ட ஏழு படிவங்களோடு போனோம். பின்தெருப் பெண்கள் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கிளார்க் அதை வாசித்துவிட்டு, கல்லூரி ஆய்வறிக்கையின்படி அந்தத் தெருவில் வீடுகள் இல்லை என்று சொல்லி, அடுத்த மனுவை எடுக்கப் போனார். நான் எழுந்தேன்.

"அந்த அறிக்கையை எழுதினது நான்தான். அது தப்பு. பதினெட்டு வீட்டில நாங்க யாரையும் பாக்கவேயில்ல. பின்தெருவில ஏழு குடும்பம் இருக்கு. அவங்க தாள் இந்தா இருக்கு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "அப்ப மார்க்கைத் திருப்பிக் குடுத்துட்டீகளா?"

சிரிப்பு. என்னை நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கிளார்க் படிவங்களை வாங்கிப் பார்த்தார். "எல்லாம் அடிச்சிருக்கேம்மா. கல்லூரி முத்திரையும் இல்ல."

அப்போதுதான் அந்த அக்கா எழுந்தார். "அதை விடுங்க. நாங்க ஏழு பேரும் இந்தா உக்காந்திருக்கோம். எண்ணிக்கங்க."

கிளார்க் எண்ணினார். உண்மையாகவே விரலை நீட்டி எண்ணினார். பிறகு தீர்மானப் புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

ஆடி முடிவதற்குள் குழாய் வந்தது, முன்தெருவில். பதிவேட்டில் இருக்கும் தெருவில்தான் பொதுக்குழாய் போட முடியுமாம். இன்றைக்கும் அது அங்கேதான் நிற்கிறது, பூட்டிய முகப்புகளுக்கு எதிரே, அநேகமாக ஒருவரும் குடியிருக்காத தெருவில். பின்தெருப் பெண்கள் பின்வாசலில் இறங்கி, மதிலை ஒட்டி நடந்து, ஒரு வீட்டின் முழு நீளத்தையும் சுற்றி வந்து தண்ணீர் பிடித்துப் போகிறார்கள். மெயின் ரோட்டுக்குப் போவதைவிட இது பரவாயில்லை என்று அந்த அக்கா என்னிடம் சொன்னார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொன்னார் என்று அப்போதே தெரிந்தது. நான் அதற்குத் தகுதியானவள் இல்லை.

இப்போது பத்திரிகை வேலையில் இருக்கிறேன். மாவட்டப் பக்கத்துக்கு வாரம் நான்கைந்து ஆய்வறிக்கைகள் மேசைக்கு வரும், வட்ட வரைபடங்களோடு. இத்தனை வீடுகளில் கேட்டோம் என்று முதல் பத்தியில் இருக்கும். யார் கதவைத் திறந்தார் என்று போன் செய்து கேட்பேன். பெரும்பாலும் எரிச்சலோடு போனை வைத்துவிடுவார்கள்.

சென்ற மாதம் அதே துறையிலிருந்து ஒரு மாணவி என் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள். மூன்றாம் ஆண்டு. எங்கள் ப்ராஜெக்ட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அவளுக்கு அதிலிருந்துதான் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊருக்கே மறுபடி அனுப்பியிருக்கிறார்கள், குழாய்க் கணக்கைப் புதுப்பிக்க. முன்தெருவில் அந்தப் பொதுக்குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பேசினாள்.

"அக்கா, மூணாம் நம்பர் வீட்டில ஒன்பது பேருன்னு உங்க டேபிள்ல இருக்கு. இங்க பூட்டியிருக்கு. அந்த ஒன்பது பேரும் இப்ப எங்க போயிருப்பாங்கன்னு சார் உங்களைக் கேக்கச் சொன்னார்."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். அந்த ஒன்பது பேர் ஒருநாளும் இருந்ததில்லை, அது நான் எழுதிய பொய் என்று முதலில் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. ஆற்றங்கரை பற்றிய ஒன்பதாவது கேள்வியை அடித்துவிடச் சொன்னேன். "குழாயிலருந்து எத்தனை அடின்னு அந்த இடத்தில எழுதிக்க. டேப் எடுத்துட்டுப் போனியா?"

"இல்லக்கா."

"அப்ப காலால அளந்துக்க. பின்பக்கமாப் போ. மதிலை ஒட்டியே நடந்தா சின்னக் கதவு ஒண்ணு வரும்."

அவள் நடப்பது கேட்டது. வெயில் நேரம், மூச்சு வாங்கியது. அடிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனாள். நூற்றைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு நின்றாள்.

"இங்க கதவு நம்பர் இல்லையேக்கா."

"தட்டு," என்றேன்.